கறுத்த விரல் நுனிகளும் அடிவயிற்றுக் கட்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படும் பெண்மணி தனியொரு நபர் அல்லர். இத்தகைய நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளை ஒரே நோயாளியின் போக்காகக் கோத்து, கற்பித்தலுக்காக எழுதப்பட்ட நிகழ்வு இது. பரிசோதனை முறைகளும் சிகிச்சை முடிவுகளும் நடைமுறையில் உள்ளவையே.

நோயாளி வந்த நிலை

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிக்கு அருகிலுள்ள தேயிலை எஸ்டேட் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்து வந்த 58 வயதுப் பெண், ஜனவரி மாத நடுவில் கோயம்புத்தூர் மருத்துவமனையொன்றின் இரத்தநாள அறுவைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். பரிந்துரைக் கடிதம் சுருக்கமானது: ரேனாட் நோய் (குளிரில் விரல் நாளங்கள் சுருங்குவது), வலது நடுவிரல் நுனியில் கேங்ரீன் (இரத்த ஓட்டமின்றித் திசு இறப்பது), நுனியை நீக்கலாமா என்பது குறித்துக் கருத்துத் தேவை.

தொந்தரவு தொடங்கியது நவம்பர் முதல் வாரத்தில். காலையில் குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும்போது வலது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, மரத்துப் போயின. கொழுந்தின் சாறு படிந்து பறிப்பவர்களின் விரல்கள் எப்போதும் கருமை கலந்த பழுப்பாகவே இருப்பதால், இந்த நிறமாற்றத்தை அவரே சில நாட்கள் கவனிக்கவில்லை. டிசம்பர் நடுவில் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தது. அதற்குப் பத்து நாட்களுக்குள் நடுவிரல் நுனியில் மிளகளவு கரும்புள்ளி தோன்றிப் பரவியது. இடது மோதிர விரலும் வலது கட்டைவிரலும் நீலமாயின. எஸ்டேட் மருந்தகத்தில் கேட்டபோது, "பனிக்காலம்னா கை இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றே சொல்லியிருக்கிறார். டிசம்பர் இறுதியில் உறைபனி விழும் மலையில் அந்த விளக்கத்தை யாரும் மறுக்கவில்லை.

இரத்த அழுத்தத்துக்காக ஆறு ஆண்டுகளாக அட்டெனலால் மாத்திரை எடுத்து வந்தார். பீட்டா தடுப்பான் வகை மருந்துகள் விரல்களின் இரத்தநாளங்களைச் சுருங்கச் செய்யக்கூடியவை என்பதால், முதலில் பார்த்த மருத்துவர் அதை நிறுத்தி, நாளங்களை விரிக்கும் நிஃபெடிபின் தொடங்கினார். அது சரியான செயல். ஆனால் மூன்று வாரங்கள் கடந்தும் விரல்கள் தேறவில்லை, மாறாகக் கூடுதல் விரல்கள் பாதிக்கப்பட்டன. புகைப்பழக்கம் இல்லை. வெற்றிலையோடு சிறிது புகையிலை போடும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. நீரிழிவு இல்லை. மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்தல், விழுங்குவதில் சிரமம், தோல் இறுக்கம் எதுவும் இல்லை.

குளிர் என்ற விளக்கம் ஏன் போதவில்லை

குளிருக்கு விரல் வெளுப்பது பெரும்பாலும் தீங்கற்ற நிகழ்வு. பாரிஸைச் சேர்ந்த மோரிஸ் ரேனாட் 1862இல் தமது ஆய்வேட்டில் விவரித்த இந்தச் சுருக்கம், இளம் பெண்களிடம் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கி, இரு கைகளிலும் ஒரே சீராக வந்து போய், பெரும்பாலும் கட்டைவிரலை விட்டுவிட்டு, திசுவை ஒருபோதும் அழுகச் செய்யாமல் வாழ்நாள் முழுதும் கூடவே இருக்கும். அமெரிக்காவின் ஆலனும் பிரவுனும் 1932இல் முன்வைத்த வரையறைகள் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், இந்தத் தீங்கற்ற வகையை மற்றதிலிருந்து படுக்கையருகிலேயே பிரிக்க அவை உதவுவதுதான். குளிர்காலத்தில் விரல் வெளுக்கும் இருபத்தைந்து வயதுப் பெண் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இந்த நோயாளியிடம் அந்த வரையறைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. தொடங்கிய வயது 58. பாதிப்பு சீரற்றது: வலது கையில் மூன்று விரல்கள், இடது கையில் ஒன்று. கட்டைவிரலும் தப்பவில்லை. இரண்டு மாதங்களுக்குள் திசு இறந்துவிட்டது. இவற்றையெல்லாம் விட முக்கியமானது வேறொன்று. முப்பதுக்கும் மேற்பட்ட பனிக்காலங்களை அதே மலையில், அதே வேலையில், அதே குளிர்ந்த நீரில் கழித்தவருக்கு இதுவரை ஒரு விரல்கூட வெளுத்ததில்லை. கடைசி ஆறு பனிக்காலங்களில் அட்டெனலாலும் உடன் இருந்தது. குளிர் மாறவில்லை, மாத்திரையும் மாறவில்லை. அப்படியானால் மாறியது அவருடைய இரத்தமோ இரத்தநாளமோ ஆகத்தான் இருக்க வேண்டும். "ரேனாட்" என்று எழுதிய கையோடு "ஏன் இப்போது?" என்ற கேள்வியையும் எழுதியிருந்தால், அவர் மலையிலிருந்து இறங்கியது விரலை வெட்டுவது குறித்துக் கருத்துக் கேட்பதற்காக இருந்திருக்காது.

பரிசோதனையும் விலக்கிய நோய்களும்

இரு மணிக்கட்டுகளிலும் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. இரு கைகளின் இரத்த அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. கழுத்தெலும்புக்கு மேல் இரைச்சலோ கழுத்து விலா எலும்போ இல்லை. பெரிய தமனிகள் நலமாக இருந்து விரல் நுனிகள் மட்டும் இறக்கும்போது, அடைப்பு உள்ளங்கைக்கு அப்பால் இருக்கிறது என்று பொருள். ஒலியலையால் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் பரிசோதனை அதை உறுதி செய்தது. மணிக்கட்டின் இரு தமனிகளிலும் ஓட்டம் இயல்பாக இருக்க, நடுவிரலின் பக்கத் தமனிகளில் ஓட்டமே பதிவாகவில்லை. சி.டி. ஆஞ்சியோகிராமில் விரல் தமனிகள் சட்டென்று முடிந்தன. அவற்றுக்கு மேலே கொழுப்புப் படிவு எதுவும் இல்லை.

நம் ஊரில் விரல் கறுத்தால் முதலில் நினைவுக்கு வருவது பர்கர் நோய். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர் விரிவாக விவரித்த இந்நோய் மேலை நாடுகளில் அரிதாகிவிட்டது என்றாலும், பீடி புழங்கும் இந்தியாவில் இரத்தநாளப் பிரிவுகளுக்கு இன்னும் நன்கு அறிமுகமானது. வாயில் போடும் புகையிலையோடும் அது அரிதாகத் தொடர்புபடுத்தப்பட்டிருப்பதால், அந்த வெற்றிலைப் பழக்கத்தை ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனால் பர்கர் நோய் பெரும்பாலும் 45 வயதுக்கு முன் தொடங்கும்; கால்களைப் பெரும்பாலும் விட்டுவைக்காது; ஆஞ்சியோகிராமில் திருகாணிபோல் சுருண்ட துணை நாளங்களைக் காட்டும். இங்கே கால்கள் முழு நலத்தோடு இருந்தன, சுருண்ட நாளங்களும் இல்லை. புகையிலையை நிறுத்தச் சொன்னோம். அதையே காரணமாக ஏற்றுக்கொண்டு நிற்கவில்லை.

நகக்கண் நுண்குழாய்களை டெர்மட்டோஸ்கோப்பில் பார்த்தபோது வளைவுகள் சீராக இருந்தன. தோல் இறுக்க நோயில் அவை வீங்கியும் இடையிடையே அற்றும் காணப்படும். தன்னுடல் தாக்கு நோய்களுக்கான ஏ.என்.ஏ. பரிசோதனை எதிர்மறை. இரத்த உறைவைத் தூண்டும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருட்கள் இல்லை. குளிரில் உறையும் புரதமான கிரையோகுளோபுலினுக்கான சோதனையும் இரத்தப் புரதப் பகுப்பாய்வும் இயல்பு. கல்லீரல் அழற்சி பி, சி கிருமிகள் இல்லை. இதயத்திலிருந்து உறைந்த இரத்தக் கட்டிகள் சிதறி வந்திருக்கலாம் என்பதால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கப்பட்டன. இதயத் துடிப்பு ஒழுங்கு, வால்வுகளில் படிவு இல்லை, மிக்சோமா என்ற இதயக் கட்டியும் இல்லை.

எஞ்சியவை மூன்று எண்கள். ஹீமோகுளோபின் 9.6. இரத்தச் சிவப்பணுப் படிவு வேகம் ஒரு மணி நேரத்தில் 98 மில்லிமீட்டர். தட்டணுக்கள் 6,20,000; இயல்பின் மேல் எல்லை ஏறக்குறைய 4,50,000.

தட்டணுக்கள் மிகுவதற்குக் காரணங்கள் பல. இரும்புச்சத்துக் குறைவில் மிகலாம். ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கவில்லை, உயர்ந்தே இருந்தது. எலும்பு மஜ்ஜையின் முதன்மை நோயில் மிகலாம், அந்நோயே விரல் நுனிகளை அடைக்கவும் வல்லது. ஜாக்-2 மரபணு மாற்றம் உள்ளிட்ட சோதனைகள் அதற்கு இடம் தரவில்லை. தொற்று இல்லை, காய்ச்சல் இல்லை. அழுகிய விரல் நுனி ஒன்றே இவ்வளவு உயர்ந்த அழற்சி அளவுகளை விளக்காது. அழற்சி, இரத்தசோகை, தட்டணு மிகை ஆகிய மூன்றும் இந்த வயதில் சேர்ந்து வந்தால், உடலில் எங்கோ ஒரு கட்டி இருக்கலாம் என்று தேடத் தொடங்குவதே முறை.

மீண்டும் கேட்ட கதை

இந்த இடத்தில் முழு உடல் பெட் ஸ்கேனுக்கு எழுதிவிடும் பழக்கம் பெருகி வருகிறது. அது முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. ஆனாலும் நோயாளியிடம் மறுபடி உட்கார்ந்து கேட்பதற்கு அது மாற்றாகாது என்பதே என் எண்ணம். செலவும் அலைச்சலும் அவருக்குத்தான்.

விரலைப் பற்றியே எல்லோரும் கேட்டதால் அவரும் விரலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். உணவைப் பற்றிக் கேட்டபோது, தீபாவளிக்குப் பிறகு இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுவதாகச் சொன்னார். "கேஸ்" என்று மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். எடை குறைந்ததா என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை, எடை பார்க்கும் வழக்கமே இல்லை. அப்போது உடன் வந்திருந்த மகள் குறுக்கிட்டுச் சொன்னதுதான் நோயறிதலின் திசையைத் திருப்பியது: அம்மாவின் ரவிக்கைகள் எல்லாம் தோளிலும் கையிலும் தொளதொளவென்று ஆகிவிட்டன, ஆனால் பாவாடை நாடாவை மட்டும் முன்பைவிடத் தளர்த்திக் கட்டுகிறார். கை மெலிந்து இடுப்பு பெருப்பது, எடை காட்டும் கருவியால் பிடிபடாத மாற்றம். தசை கரைந்த அளவுக்கு வயிற்றில் நீர் சேர்ந்தால் மொத்த எடை அப்படியே நிற்கும்.

படுக்க வைத்துப் பார்த்தபோது விலாப்பக்கம் தட்டினால் மந்தமாக ஒலித்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும் அந்த மந்த ஒலி இடம் மாறியது. மாதவிடாய் 49 வயதில் நின்றது, அதன் பிறகு உதிரப்போக்கு இல்லை. இடுப்புக்குழிப் பரிசோதனையில் கருப்பைக்கு இடதுபுறம் கெட்டியான, அசையாத கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. மார்பகங்களில் கட்டி இல்லை.

அல்ட்ராசவுண்டில் இடது சினைப்பையில் திடமும் நீரும் கலந்த 9 சென்டிமீட்டர் கட்டியும் வயிற்றில் மிதமான நீர்க்கோப்பும் தெரிந்தன. சினைப்பைப் புற்றுநோயில் இரத்தத்தில் உயரும் குறியீடான சிஏ 125, இயல்பில் 35 அலகுக்குள் இருக்க வேண்டியது, 1,140. சி.டி. ஸ்கேனில் குடலை மூடும் கொழுப்புத் திரை தடித்து, வயிற்று உட்சவ்வில் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட படிவுகள் காணப்பட்டன. நுரையீரல் தெளிவாக இருந்தது. கொழுப்புத் திரையிலிருந்து ஊசி வழியே எடுத்த திசுவின் முடிவு: தீவிரமாக வளரும் (உயர்தர) சீரஸ் வகைப் புற்றுநோய், சினைப்பையைச் சார்ந்தது. நிலை 3சி, அதாவது வயிற்று உட்சவ்வில் பரவிய நிலை.

கட்டி வயிற்றில், அடைப்பு விரலில்

சினைப்பைப் புற்றுநோய் தன் இடத்தில் வலியைத் தராமல் வளர்வதால் பெரும்பாலான பெண்களிடம் அது பரவிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. வயிறு உப்புதல், சீக்கிரம் நிறைதல் போன்ற அறிகுறிகள் எவருக்கும் வரக்கூடியவை. இந்நிகழ்வில் அந்த அமைதியை உடைத்தது விரல்.

புற்றுநோய் விரல் நாளங்களைத் தாக்கும் வழி ஒன்றல்ல. கட்டி இரத்த உறைவைத் தூண்டும் பொருட்களை, குறிப்பாகத் திசுக்காரணி எனப்படும் புரதத்தை, சுற்றோட்டத்தில் விடுகிறது. சளிப்பொருள் சுரக்கும், சுரப்பித் திசுவில் தோன்றும் அடினோ வகைப் புற்றுகளில் இது கூடுதல். கட்டிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருட்கள் சிறுநாளச் சுவரில் படிந்து அழற்சியை உண்டாக்கலாம். மையலோமா, லிம்ஃபோமா போன்ற இரத்தப் புற்றுகளில் மிகைப் புரதம் இரத்தத்தைக் கெட்டியாக்கும், அல்லது குளிரில் உறைந்து நாளத்தை அடைக்கும். நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி கைக்குச் செல்லும், நாளச் சுருக்கத்தை ஆளும் பரிவு நரம்புகளையே அரித்துவிடலாம். நாளத்தைச் சுருக்கும் பொருட்களைக் கட்டி நேரடியாகச் சுரப்பதாகவும் கருதப்படுகிறது. நுரையீரல், சினைப்பை, இரைப்பை ஆகியவற்றின் புற்றுகளும் இரத்தப் புற்றுகளும் இந்த வகையில் அடிக்கடி குறிப்பிடப்படுபவை.

இவருக்கு மிகவும் பொருந்துவது தட்டணுப் பாதை. சினைப்பைக் கட்டி இன்டர்லியூக்கின்-6 என்ற பொருளைச் சுரக்க, அது கல்லீரலைத் தூண்டி, தட்டணு உற்பத்தியை முடுக்கும் திராம்போபொயட்டினை மிகுவிக்க, அதனால் தட்டணுக்கள் பெருகுகின்றன என்பதை 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. தட்டணுக்கள் கட்டியின் வளர்ச்சிக்கும் துணை போகின்றன என்பதும் அதில் வெளிப்பட்டது. பெருகிய தட்டணுக்கள் மிக நுண்ணிய நாளங்களில்தான் முதலில் தேங்கும். குளிரும் அட்டெனலாலும் ஏற்கெனவே சுருக்கி வைத்திருந்த விரல் தமனிகள் அதற்கு இடம் கொடுத்தன. ஆகவே குளிர் முற்றிலும் குற்றமற்றதல்ல. கட்டி உண்டாக்கிய நோய் விரலில் வெளிப்படுவதற்கு அது துணை நின்றது, அவ்வளவே.

ரேனாட் தமது ஏட்டை எழுதிய அதே பாரிஸில், மூன்றே ஆண்டுகள் கழித்து, 1865இல் வெளியான தமது விரிவுரைகளில், காரணமின்றி வரும் சிரை உறைவுக்குப் பின்னால் புற்றுநோய் மறைந்திருக்கலாம் என்று மருத்துவர் அர்மான் துரூசோ கற்பித்தார். 1867ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதே உறைவு தம்மிடம் தோன்றக் கண்டு தம் நோயைத் தாமே கணித்துக்கொண்டார். அவ்வாண்டு ஜூனில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். கால் சிரையில் உறைவு கண்டால் புற்றுநோயை நினைக்க இன்று எல்லா மருத்துவ மாணவர்களும் கற்கிறார்கள். விரல் தமனி அடைந்தால் அதே நினைவு வருவதில்லை, அது அரிதானது என்பதால்.

அரிதானது என்பதாலேயே காரணத் தொடர்பை நிறுவுவதில் கண்டிப்பும் வேண்டும். இரண்டு நோய்கள் ஒருவரிடம் தற்செயலாகவும் சேர்ந்திருக்கலாம். தோல் மருத்துவர் ஹெலன் கர்த் வகுத்த அளவுகோல்களில் இரண்டு இங்கே பயன்படுகின்றன: இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்க வேண்டும், ஒன்று தணிந்தால் மற்றதும் தணிய வேண்டும், ஒன்று எழுந்தால் மற்றதும் எழ வேண்டும். முதலாவது ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. இரண்டாவதற்குச் சிகிச்சையின் போக்கே சான்றாக வேண்டியிருந்தது.

சிகிச்சை

விரலை உடனே வெட்ட வேண்டாம் என்பதே முதல் முடிவு. சீழ் பிடிக்காமல் உலர்ந்திருக்கும் கேங்ரீனில், உயிருள்ள திசுவுக்கும் இறந்ததற்கும் இடையிலான கோடு தெளிவாகும்வரை காத்திருப்பதே நல்லது. காரணம் தணியாத நிலையில் வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாமல் மேலும் மேலே வெட்ட நேரும். குடும்பத்துக்கு இது எளிதில் விளங்கவில்லை. கறுத்த விரலை வைத்துக்கொண்டு வயிற்றுக்கு வைத்தியம் பார்ப்பது ஏன் என்று மகன் கேட்டது நியாயமான கேள்வி. அதை விளக்க இரண்டு முறை அமர வேண்டியிருந்தது.

இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் வகையான இனாக்ஸபாரின் ஊசி, எடைக்கேற்ற முழு அளவில், நாளுக்கு இருமுறை தொடங்கப்பட்டது. நாளங்களை விரிக்கும் அல்ப்ரோஸ்டாடில் ஐந்து நாட்கள் சிரை வழியே செலுத்தப்பட்டது. வலி குறைந்தது, நீலம் பாரித்திருந்த விரல்களின் நிறம் ஓரளவு மீண்டது. நிஃபெடிபினுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த அம்லோடிபின். விரல்கள் உலர்வாகவும் வெதுவெதுப்பாகவும் வைக்கப்பட்டன. வீடு திரும்பிய பிறகு ஹெப்பாரின் ஊசியை எஸ்டேட் மருந்தகச் செவிலியர் போட்டு வந்தார்.

கீமோதெரபி மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் விரல் மறுபடியும் குறுக்கே வந்தது. சிஸ்பிளாட்டின், பிளியோமைசின், ஜெம்சிட்டபின் ஆகியவை தாமே விரல் நாளங்களைப் பாதிக்கக்கூடியவை. ஏற்கெனவே அடைபட்ட நாளங்களில் அவற்றைச் செலுத்துவது அறிவுடைமையாகாது. எனவே கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்சலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனத் திட்டமிடப்பட்டது. பாக்ளிடாக்சல் விரல்களில் மரமரப்பைத் தருவதால், நரம்புப் பாதிப்பையும் இரத்த ஓட்டக் குறைவையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு சுற்றுக்கும் முன் விரல்களின் நிறமும் வெப்பமும் டாப்ளர் ஒலியும் தனியே பதிவு செய்யப்பட்டன.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு தட்டணுக்கள் 3,40,000க்கு இறங்கின, சிஏ 125 அளவு 290க்கு இறங்கியது. புதிய விரல் எதுவும் பாதிக்கப்படவில்லை. இரவு வலி நின்றது. கீமோதெரபியே தட்டணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதால் அந்த எண்ணிக்கையை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் கட்டியும் விரலும் சேர்ந்தே தணிந்தன என்பது கவனத்துக்குரியது. மூன்று சுற்றுகளுக்குப் பின், ஹெப்பாரினை 24 மணி நேரம் முன்னதாக நிறுத்தி, கருப்பை, சினைப்பைகள், கொழுப்புத் திரை ஆகியவை அகற்றப்பட்டன. கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் எஞ்சவில்லை. பிறகு மேலும் மூன்று சுற்றுகள். நடுவிரலின் நுனிக் கணு தானே கோடு பிரிந்து, உலர்ந்து, சிறு அறுவையோடு நீங்கியது. மற்ற விரல்கள் அனைத்தும் காப்பாற்றப்பட்டன.

பிந்தைய போக்கு

சீரஸ் வகைப் புற்றுநோய் உள்ள அனைவருக்கும் செய்ய வேண்டிய, பரம்பரைப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் பிஆர்சிஏ மரபணுச் சோதனையில் மாற்றம் காணப்படவில்லை. ஹெப்பாரின் ஆறு மாதங்களில் நிறுத்தப்பட்டது. அடுத்த பனிக்காலத்தில் அதே குளிர்ந்த நீரில், அம்லோடிபினோடு, விரல்கள் லேசாக வெளுத்ததோடு சரி. கர்த்தின் இரண்டாம் அளவுகோலின் ஒரு பாதிக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மறுபாதி, எவரும் விரும்பாத விதத்தில் வந்தது. சிகிச்சை முடிந்து ஏறக்குறைய ஓராண்டில், கோடைகாலத்தில், இடது ஆள்காட்டி விரல் நீலமானது. மே மாதத்தில் குளிரைக் காரணம் காட்ட வழியில்லை. அவரே அன்றைக்கே மருந்தகத்துக்கு வந்துவிட்டார். தட்டணுக்கள் 5,10,000, சிஏ 125 அளவு 88. சி.டி. ஸ்கேனில் வயிற்று உட்சவ்வில் இரண்டு சிறு படிவுகள். ஹெப்பாரின் அன்றே மீண்டும் தொடங்கப்பட்டதால் இம்முறை திசு இறக்கவில்லை.

பிளாட்டின மருந்து முடிந்து ஆறு மாதங்களுக்கு மேல் கடந்திருந்ததால் அதே வகை மருந்துக்குக் கட்டி மறுபடியும் இணங்கும் வாய்ப்பு உண்டு. வழக்கமான கூட்டு மருந்துகளில் ஒன்றான ஜெம்சிட்டபின் விரல்களை முன்னிட்டு மீண்டும் விலக்கப்பட்டது. இரத்தநாளப் புது வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் தமனி அடைப்பு அபாயத்தைக் கூட்டுவதால் அதுவும் விலக்கப்பட்டது. கார்போபிளாட்டினோடு லிப்போசோம் உறையிட்ட டாக்சோரூபிசின் தேர்ந்தெடுக்கப்பட்டு, முதல் சுற்று ஜூன் இரண்டாம் வாரத்தில் செலுத்தப்பட்டது. அந்த மருந்து உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவந்த புண்களை உண்டாக்கக்கூடும் என்பதால், சிவப்பும் எரிச்சலும் வந்தால் மருந்தின் விளைவு, நீலமும் சில்லிப்பும் வந்தால் நாள அடைப்பு என்று பிரித்துப் பார்க்க மகளுக்கும் மருந்தகச் செவிலியருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டுள்ளது.